தனித்து நிற்கும் குறிப்பு: நமக்கும் ஏஐ உதவியாளருக்கும் பயன்படும்படி எழுதிவைப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. பல ஆண்டுகளாகக் கைபேசிச் செயலிகளிலும் மின்னஞ்சலிலும் வேர்டு கோப்புகளிலும் காகித நோட்டுகளிலும் சேர்ந்துவிட்ட சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த வேண்டும். தேவைப்படும்போது நாமே தேடி எடுக்கவும், ஏஐ உதவியாளர் ஒன்று அவற்றைப் படித்து நம் கேள்விக்குச் சரியான விடை சொல்லவும் அவை பயன்பட வேண்டும். அதற்கு எந்தச் செயலி ஏற்றது, கோப்புறைகளை எப்படிப் பிரிக்க வேண்டும்?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலிக்கும் கோப்புறைக்கும் இதில் சிறு பங்குதான் உண்டு. பெரும் பங்கு ஒவ்வொரு குறிப்பும் எழுதப்படும் முறையைச் சேர்ந்தது. ஒரு குறிப்பை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியாகப் படித்தாலும், அது எதைப் பற்றியது, எப்போது எழுதப்பட்டது, யார் சொன்னது, இன்றும் செல்லுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்க வேண்டும். இது அமைந்துவிட்டால் கோப்புறைகள் ஓரளவு குழம்பியிருந்தாலும் வேலை நடக்கும். இது அமையாவிட்டால் எவ்வளவு நேர்த்தியான கோப்புறை அமைப்பும் கைகொடுக்காது.

குறிப்புகளைப் பகுத்துவைக்கும் சிக்கல் கணினிக்கு மிகவும் முந்தையது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், படித்தவற்றை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு சுட்டு முறையை வகுத்து 1686-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதற்குப் பின் வரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு பக்கத்தைக் கண்டுபிடிக்கும் எளிய முறை அது. 1945 ஜூலையில் அமெரிக்கப் பொறியியலாளர் வானெவர் புஷ், அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் மெமெக்ஸ் என்ற கற்பனை இயந்திரத்தை விவரித்தார். ஆவணங்களை அகர வரிசையிலோ எண் வரிசையிலோ மட்டும் அடுக்குவதை அவர் குறையாகக் கண்டார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு பிடித்துச் செல்லும் மனித மனத்தின் போக்கை ஒட்டி, ஆவணங்களுக்கிடையே நாமே தடம் போட்டுவைக்க முடிய வேண்டும் என்றார். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகளை எழுதிச் சேர்த்தார். அந்தச் சீட்டுப் பெட்டிகள் இன்று பீலஃபெல்டு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளன.

லூமனைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவர் சீட்டுகளுக்கு எண் கொடுத்த முறையையும் மொத்த எண்ணிக்கையையும் வியந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அவரிடம் கற்க வேண்டியது வேறு. ஒவ்வொரு சீட்டுக்கும் நிலையான ஓர் அடையாளம் இருந்தது. சீட்டு எங்கே இருந்தாலும் அந்த அடையாளத்தைக் கொண்டு இன்னொரு சீட்டு அதைச் சுட்ட முடிந்தது. நூலிலிருந்து எடுத்த செய்திக்கு அந்த நூலின் விவரம் தனியே பதிவாகியிருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தானே ஓர் அந்நியனைப் போலத் திரும்பி வந்து படிக்கப்போவதை எண்ணி எழுதிய ஒருவரின் ஒழுக்கம் அதில் தெரிகிறது. ஏஐ உதவியாளருக்குத் தேவைப்படுவதும் அதே ஒழுக்கம்தான், ஏனென்றால் அது எப்போதுமே அந்நியனாகத்தான் வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள, உதவியாளர் நம் குறிப்புகளை எப்படிப் படிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். நீங்கள் ஒரு கேள்வி கேட்கும்போது அது உங்கள் குறிப்புகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொண்டு விடை சொல்வதில்லை. உதவியாளரை இயக்குவது மொழி மாதிரி, அதாவது உரையைப் படித்து உரையை உருவாக்கும் மென்பொருள். அது ஒரு தடவையில் பார்க்கக்கூடிய உரையின் அளவுக்கு வரம்பு உண்டு. அந்த அளவை டோக்கன் என்ற சிறு துண்டுகளால் கணக்கிடுகிறார்கள். குறிப்புகள் அந்த வரம்பைத் தாண்டும்போது, கேள்விக்குத் தொடர்புடைய பகுதிகளை மட்டும் தேடி எடுத்து மாதிரியின் முன் வைக்கும் முறை கையாளப்படுகிறது. தேடலையும் உரை உருவாக்கத்தையும் இணைக்கும் இந்த முறைக்கு இன்று வழங்கும் RAG (retrieval-augmented generation) என்ற பெயர் 2020-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவியது. இதில் நம் கோப்புகள் முதலில் சில பத்திகள் அளவுள்ள துண்டுகளாக வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் பொருளும் ஓர் எண் வரிசையாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. கேள்வியும் அவ்வாறே எண்களாக மாற்றப்பட்டு, அதற்கு மிக அருகில் உள்ள துண்டுகள் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. இன்னொரு வழியில், உதவியாளர் நம் கோப்புறையின் பட்டியலைப் பார்த்து, கோப்புப் பெயர்களைக் கொண்டு ஊகித்து, சொற்களைத் தேடி, வேண்டிய கோப்பைத் தானே திறந்து படிக்கிறது. பல கருவிகள் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன.

இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: உதவியாளரின் கண்ணில் படுவது ஒரு துண்டு. முந்தைய பத்தியில் நீங்கள் பெயர் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் ‘அவர்’ என்று தொடர்ந்திருந்தால், அந்த ‘அவர்’ யார் என்பது வெட்டப்பட்ட துண்டில் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நீளமான கோப்பில் போட்டு முழுதாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். வரம்புகள் இப்போது பெரிதாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்திகளை விட நடுவில் புதைந்திருக்கும் செய்திகளை மாதிரிகள் தவறவிடக்கூடும் என்பதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாதிரிகள் மேம்பட்டு வந்தாலும், தேவையில்லாதவற்றை நிறையக் கொட்டிவிட்டுத் தேவையானதைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பழக்கமாகாது; அது மனித வாசகருக்கும் சுமைதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மகள் ஒருவர் கைபேசியில் இப்படிக் குறித்துவைக்கிறார் என்று கொள்வோம்: ‘மாத்திரை பாதி ஆக்கியாச்சு. பழைய சீட்டு வேண்டாம். மறுபடி வந்தால் உடனே கூப்பிடணும்.’ அன்று மாலை அவருக்கு இது முழுமையான குறிப்பு. ஓராண்டு கழித்து அவருக்கே இது புதிர். எந்த மாத்திரை, யாருடையது, எதில் பாதி, எது மறுபடி வந்தால், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அதே செய்தியை இப்படி எழுதலாம்: ‘அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அளவு, 2025 மார்ச் 14. காலை மாத்திரையை முழு மாத்திரையிலிருந்து பாதியாகக் குறைக்கும்படி மருத்துவர் இன்று நேரில் சொன்னார். காரணம், காலையில் எழுந்தவுடன் வரும் தலைசுற்றல். 2024 நவம்பரில் எழுதிய அளவு இனிச் செல்லாது. தலைசுற்றல் தொடர்ந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.’ மாத்திரையின் பெயரும் அதன் வலிமையும் சேர்ந்துவிட்டால் குறிப்பு முழுமை பெறும். எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகலாம். அந்த ஒரு நிமிடத்தைக் கோப்புறை அடுக்குவதில் செலவிடும் பல மணி நேரத்தை விட மேலானதாக நான் மதிக்கிறேன்.

இந்தக் குறிப்பில் எனக்கு மிக முக்கியமாகப்படும் வரி, ‘இனிச் செல்லாது’ என்று முடியும் வரிதான். குறிப்புகளைச் சேர்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; காலாவதியான குறிப்புகளை என்ன செய்வது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். ஆனால் ஏஐ உதவியாளர் தரும் தவறான விடைகளில் ஆபத்தான வகை இங்கிருந்துதான் பிறக்கிறது. பழைய குறிப்பும் புதிய குறிப்பும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதால், பொருள் நெருக்கத்தைக் கொண்டு தேடும் முறைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். எது முந்தியது, எது பிந்தியது என்பது உரையில் எழுதப்படாவிட்டால், உதவியாளர் பழைய அளவை மிகத் தெளிவான நடையில் எடுத்துச் சொல்லிவிடக்கூடும். கோப்பின் தேதியைப் பார்த்துக்கொள்ளுமே என்று நம்ப முடியாது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தாலே அந்தத் தேதி மாறிவிடலாம். துண்டாக வெட்டப்படும்போது அது துண்டோடு வராமலும் போகலாம். ஆகவே தேதி உரைக்குள்ளேயே, ஆண்டும் சேர்த்து, எழுதப்பட வேண்டும். ‘நேற்று’, ‘அடுத்த வாரம்’, ‘இப்போதைக்கு’ போன்ற சொற்கள் எழுதிய நாளோடு இறந்துவிடுகின்றன. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும் என்பது கூடுதல் நன்மை.

பழைய குறிப்பை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்பு என்ன முடிவெடுத்தோம், ஏன் மாற்றினோம் என்பதும் அறிவுதான். அளவை ஏன் குறைத்தார்கள் என்று அடுத்த மருத்துவர் கேட்கும்போது பழைய குறிப்பு தேவைப்படும். அதன் முதல் வரியிலேயே ‘செல்லாது, 2025 மார்ச் 14 குறிப்பைப் பார்க்கவும்’ என்று சேர்த்துவிடுங்கள். அடிக்கடி மாறும் விஷயங்களுக்கு, இன்றைய நிலையை மட்டும் சொல்லும் ஒரே ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, நடந்தவற்றின் வரலாற்றை வேறொரு கோப்பில் நாள்வாரியாக எழுதிச் செல்வது இன்னும் நல்லது. நிலையையும் நிகழ்வையும் இப்படிப் பிரித்துவைத்தால், ‘இப்போது என்ன?’ என்ற கேள்விக்கும் ‘எப்படி இங்கே வந்தோம்?’ என்ற கேள்விக்கும் உதவியாளர் வெவ்வேறு இடத்தில் தேடும்.

அடுத்து, யார் சொன்னது என்ற கேள்வி. ஒருவரின் குறிப்புகளில் குறைந்தது மூன்று குரல்கள் கலந்திருக்கும்: அவரே எண்ணி எழுதியது, பிறரிடமிருந்து கேட்டதும் படித்ததும், இப்போது புதிதாக, ஏஐ எழுதித் தந்தது. இந்த மூன்றும் அடையாளமின்றிக் கலந்துவிடுவதுதான் இக்காலத்துக் குறிப்பேடுகளுக்கு நேரும் பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். ஒரு நீண்ட கட்டுரையை உதவியாளரிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கி, அதை அப்படியே சேமிக்கிறோம். சுருக்கத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது. அடுத்த முறை உதவியாளர் அந்தச் சுருக்கத்தை நம் சொந்த அறிவாக எண்ணி எடுத்து, அதன்மேல் இன்னொரு முடிவைக் கட்டுகிறது. அந்த முடிவும் சேமிக்கப்படுகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு மூலம் எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஆதலால் இயந்திரம் எழுதியதற்குத் தனிக் கோப்புறையோ, தொடக்கத்தில் ‘ஏஐ சுருக்கம், சரிபார்க்கவில்லை’ என்ற ஒரு வரியோ கட்டாயம் வேண்டும். நீங்கள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த வரியை மாற்றி, பார்த்த தேதியை எழுதுங்கள். பிறர் சொன்னவற்றுக்குச் சொன்னவர், இடம், நாள் ஆகியவையும், மேற்கோளாக எடுத்த சொற்களுக்கு மேற்கோள் குறியும் வேண்டும். உங்கள் ஊகத்தை ஊகம் என்றே எழுதிவையுங்கள். ‘காரணம் இதுவாக இருக்கலாம்’ என்று எழுதியதை ஏஐ ‘காரணம் இதுதான்’ என்று திருப்பிச் சொல்வதுண்டு. ‘உறுதியில்லை’ என்ற சொல் வெளிப்படையாக இருந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை எளிய உரைக் கோப்புகள். 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எழுத்துமுறை, தலைப்பு, பட்டியல், இணைப்பு ஆகியவற்றைச் சில குறியீடுகளால் காட்டுகிறது. எந்தச் செயலியும் இல்லாமல் திறந்தாலும் கண்ணால் படிக்க முடியும். மொழி மாதிரிகளும் இதை நன்றாகக் கையாளுகின்றன; பல கருவிகள் துண்டு வெட்டும்போது மார்க்டவுன் தலைப்புகளையே எல்லையாகக் கொள்கின்றன. எனவே ‘பிற’, ‘குறிப்புகள்’ போன்ற வெற்றுத் தலைப்புகளைத் தவிர்த்து, உள்ளே இருப்பதைச் சொல்லும் தலைப்புகளை இடுங்கள். அப்சிடியன் போன்ற செயலிகள் இந்தக் கோப்புகளை உங்கள் கணினியிலேயே வைத்திருக்கின்றன. நோஷன், எவர்நோட் போன்றவை தம் சேவையகத்தில் வைத்திருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியே எடுத்துப் படிக்கத்தக்க வடிவில் சேமிக்க முடிகிறதா என்று இன்றே ஒருமுறை செய்து பாருங்கள்.

தமிழில் குறிப்பெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில செய்திகள் தனியாக உண்டு. முதலாவது, எழுத்துக் குறியாக்கம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழைக் கொண்டிருந்தாலும், அதன் பிறகும் பல ஆண்டுகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் ஏராளம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றைத் தேடலும் கண்டுகொள்ளாது, ஏஐயும் நம்பத்தக்க வகையில் புரிந்துகொள்ளாது. குறியாக்க மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. முக்கியமான கோப்புகளையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, சொற்களின் உருமாற்றம். ‘மருத்துவம்’ என்று தேடினால் ‘மருத்துவத்தை’, ‘மருத்துவத்துக்கு’ என்பவை எளிய தேடலில் அகப்படா, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் இறுதியே மாறிவிடுகிறது. அதனால் குறிப்பின் மேற்பகுதியில் முக்கியச் சொற்களை உருபு சேராத வடிவில் ஒரு வரியாக எழுதிவைப்பது மிகுந்த பயன் தரும். ஒரே பொருளுக்கு நீங்கள் சில நாள் தமிழ்ச் சொல்லையும் சில நாள் ஆங்கிலச் சொல்லையும் எழுதுபவரானால் இரண்டையும் அந்த வரியில் சேருங்கள். ஆட்பெயர்களுக்கும் அப்படியே: ஒருவரை ஒரே எழுத்துக்கூட்டலில் எப்போதும் எழுதுங்கள். மூன்றாவதாக, யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். பல மாதிரிகளில் அதே அளவு ஆங்கில உரையை விடத் தமிழ் உரைக்குக் கூடுதல் டோக்கன்கள் செலவாகின்றன. எனவே சிறு, செறிவான குறிப்புகளின் பயன் தமிழில் இன்னும் அதிகம்.

கோப்புறைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முடிவு தேதி உள்ள வேலைகளுக்கு ஒன்று, உடல்நலம், பணம், வீடு என்று முடிவில்லாத பொறுப்புகளுக்கு ஒன்று, படித்துச் சேர்ப்பவற்றுக்கு ஒன்று, முடிந்துபோனவற்றுக்கு ஒன்று என்று நான்கைந்து போதும். அடுக்கு இரண்டுக்கு மேல் ஆழமாகப் போனால் எங்கே வைப்பது என்ற தயக்கமே எழுதும் கையைத் தடுத்துவிடும்.

ஆனால் அந்தக் கோப்புறைகளின் தலைவாயிலில் ஒரு வழிகாட்டிக் கோப்பை வையுங்கள். நிரலாளர்கள் தங்கள் திட்டங்களில் ஏஐ முகவர்களுக்கென்றே (கோப்புகளைத் தாமே திறந்து வேலை செய்யும் உதவியாளர்களுக்கென்றே) இத்தகைய கோப்பை எழுதிவைக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கிறது; சொந்தக் குறிப்புகளுக்கும் அது அப்படியே பொருந்தும். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, நீங்கள் பயன்படுத்தும் சுருக்கெழுத்துகளின் விரிவு என்ன, இரண்டு குறிப்புகள் முரண்பட்டால் எதை நம்ப வேண்டும், எந்தக் கோப்புகளைத் திருத்தக் கூடாது, விடை இல்லாதபோது ஊகிக்காமல் ‘குறிப்புகளில் இல்லை’ என்று சொல்ல வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்களுக்கு உடல்நலம் குன்றி, குடும்பத்தில் வேறொருவர் உங்கள் கோப்புகளைத் திறக்க வேண்டி வந்தாலும் அந்தப் பக்கம்தான் அவருக்கும் கைகொடுக்கும்.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. கடவுச்சொற்களும் வங்கிக் கணக்குக்குள் நுழைவதற்கான விவரங்களும் குறிப்புகளில் இருக்கவே கூடாது. அவற்றுக்குக் கடவுச்சொல் மேலாளர் என்ற தனிக் கருவி உண்டு. பிறருடைய நோய், பணம், குடும்பச் சிக்கல் பற்றிய குறிப்புகளை வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்புவதற்கு முன், அவர்களின் ஒப்புதலின்றி அதைச் செய்யலாமா என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய கோப்புறையை உதவியாளரின் பார்வைக்கு வெளியே வைப்பதே முறை. இன்னோர் ஆபத்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இணையப் பக்கங்களையும் மின்னஞ்சல்களையும் அப்படியே குறிப்புகளில் ஒட்டிவைக்கும்போது, அவற்றுக்குள் ஏஐயை நோக்கி யாரோ எழுதிய மறைமுகக் கட்டளைகளும் சேர்ந்து வந்துவிடலாம். மாதிரி அதைத் தரவாக எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு செயல்படக்கூடும். 2022 முதல் நன்கு அறியப்பட்ட இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. வெளியிலிருந்து வந்தவற்றைத் தனிக் கோப்புறையில் வைப்பதும், உதவியாளருக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்து, எழுதவும் அனுப்பவும் ஒவ்வொரு முறையும் உங்கள் அனுமதியைக் கேட்கச் செய்வதும் இழப்பைக் குறைக்கும். எழுதும் உரிமை கொடுத்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னோக்கிப் பார்க்க உதவும் கிட் போன்ற பதிப்புக் கருவியும், இணையத்தோடு இணையாத வேறோர் இடத்தில் காப்புப்பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குவிந்திருப்பதை என்ன செய்வது? அனைத்தையும் ஒரே மூச்சில் திருத்தி அடுக்க முயலாதீர்கள். அந்த முயற்சி பெரும்பாலும் நடுவழியில் நின்று, பழைய ஒழுங்கும் புதிய ஒழுங்கும் இல்லாத நிலையில் விட்டுவிடும். பழையவற்றை ஒரே கோப்புறையில் தேடத்தக்க வடிவில் கொண்டுவந்து போடுங்கள். காகித நோட்டுகளைப் படமெடுத்து உரையாக மாற்றலாம். ஆனால் தமிழ்க் கையெழுத்தில் பிழைகள் மிகுதியாக வரும், குறிப்பாக எண்களிலும் பெயர்களிலும், ஆதலால் படத்தையும் உரையோடு சேர்த்தே வையுங்கள். இன்றிலிருந்து எழுதுவதை மேற்சொன்ன முறையில் எழுதுங்கள். பழைய குறிப்பு ஒன்று எப்போதாவது உண்மையில் தேவைப்பட்டால், அப்போது அதைத் தனித்து நிற்கும்படி திருத்தி உரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

அமைப்பு வேலை செய்கிறதா என்று அறிய, விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துக் கேள்விகளை எழுதி உதவியாளரிடம் கேளுங்கள். அவற்றில் இரண்டு, இடையில் முடிவு மாறிய விஷயங்களாக இருக்கட்டும். ஒன்று, குறிப்புகளில் விடையே இல்லாத கேள்வியாக இருக்கட்டும். ஒவ்வொரு விடைக்கும் எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று காட்டச் சொல்லி, அந்தக் கோப்பை நீங்களே திறந்து பாருங்கள். விடை தவறினால் முதலில் அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். அதன் பிறகும் தவறினால் வழிகாட்டிக் கோப்பைத் திருத்துங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தவறு தொடர்ந்தால் மட்டும் வேறு செயலியைத் தேடலாம். அதே பத்துக் கேள்விகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி கேட்டால், இடைப்பட்ட காலத்தில் எந்தக் குறிப்புகள் காலாவதியாயின என்பதும் தெரியவரும்.